சி கம்பைலரே, ஃப்ளோட்டை மறிக்கிறாய், இவனை மட்டும் ஏன் உள்ளே விடுகிறாய்?

மூன்று நாள். ஒரு குளிர் அறையின் ஃபேன் ஏன் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க முழுசாக மூன்று நாள் போனது. சென்சாரை மாற்றினேன். வயரை மாற்றினேன். பவர் சப்ளையைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் ப்ரோகிராமில் ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

சிப் சின்னது. தசமப் புள்ளி எண்களில் (ஃப்ளோட்) கணக்குப் போட அதில் தனி ஹார்டுவேர் கிடையாது. அதனால் வெப்பநிலையை ஃபிக்ஸட் பாயின்ட்டில், அதாவது பெருக்கி வைத்த முழு எண்ணாக, வைத்திருக்கிறோம்: ஒரு டிகிரி என்றால் 256. கீழே உள்ள 8 பிட் பின்னம், மேலே உள்ளது முழு எண். மைனஸ் 40 முதல் 60 டிகிரி வரைக்கும் ஃபேன் வேகங்கள் 101 பைட் அரே ஒன்றில், அதாவது 0-விலிருந்து எண்ணிட்ட பட்டியலில், வரிசையாக இருக்கின்றன. அறை மைனஸ் 18.5-இல் இருந்தால், 40-ஐக் கூட்டி 21.5, எடுக்க வேண்டியது 21-ஆம் இடம். நான் 8 பிட் ஷிஃப்ட் செய்து பின்னத்தைத் தள்ளிவிட மறந்து, இருந்த மதிப்பை அப்படியே சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். 21.5-ஐ 256-ஆல் பெருக்கினால் 5504. 101 இடம் உள்ள அரேயில் 5504-ஆம் இடம்!

அங்கேயே கிராஷ் ஆகித் தொலைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆகவில்லை. அந்த அரேயைத் தாண்டி ஐயாயிரம் பைட் தள்ளி ஃப்ளாஷ் மெமரியில் இருப்பது என் ப்ரோகிராமேதான். அதன் மெஷின் கோடிலிருந்து ஒரு பைட்டை எடுத்து, 'இந்தா வேகம்' என்று ஃபேனிடம் கொடுத்திருக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரியில் 256-இல் ஒரு பங்கு அசைந்தாலே அடுத்த பைட், வேறொரு வேகம். பேய் பிடிக்காமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும், சி மொழியில் எழுதியதை மெஷின் கோடாக மாற்றும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. அதே இடத்தில் ஒரு ஃப்ளோட்டைப் போட்டுப் பாருங்கள், இன்டெக்ஸ் (இடத்தின் எண்) முழு எண் இல்லை என்று வாசலிலேயே மறித்துவிடும். 21.0 என்று சுத்தமாகக் கொடுத்தாலும் விடாது. ஃபிக்ஸட் பாயின்ட்டுக்கு வழக்கமான சி-யில் தனி டைப் (எண் வகை) இல்லை என்பதால் நாமே டைப்டெஃப் போட்டு ஒரு இன்ட்டுக்கு, அதாவது முழு எண் வகைக்கு, வேறு பெயர் வைக்கிறோம். கம்பைலருக்கு அந்தப் பெயரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, இன்ட் என்றால் இன்ட். பின்னம் இருக்கும் இரண்டு எண்களில் ஒன்றுக்குத் தடை, மாறுவேடத்தில் வந்த இன்னொன்றுக்கு ராஜ மரியாதை.

"ஸ்ட்ரக்டுக்குள் வைத்து மூடிவிடு" என்றார் ஒருவர். வைக்கலாம், அது தனி டைப் ஆகிவிடும், கம்பைலரும் மறிக்கும். ஆனால் சி-யில் ஸ்ட்ரக்டுகளைக் கூட்டல் குறி போட்டுக் கூட்ட முடியாது. ஒவ்வொரு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். ஒரு வரிச் சூத்திரம் அனுமார் வால் மாதிரி நீண்டுவிடும்.

"ஷிஃப்ட் பண்ணியிருந்தால் தீர்ந்ததே" என்றார் இன்னொருவர். சரி, மறந்தது என் தப்புதான். ஆனால் ஷிஃப்ட்டா, 256-ஆல் வகுத்தலா? மைனஸ் 0.5-ஐ (உள்ளே அது மைனஸ் 128) வகுத்தால் 0 வரும். ஷிஃப்ட் செய்தால் எங்கள் கம்பைலரில் மைனஸ் 1. வகுத்துவிட்டு 40-ஐக் கூட்டினால், மைனஸ் 0.9-உம் பிளஸ் 0.9-உம் ஒரே 40-ஆம் இடத்தில் போய் விழும். மற்ற இடங்களுக்கெல்லாம் ஒரு டிகிரி அகலம், பூஜ்ஜியத்தில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு. குளிர் அறைக்கு எந்த இடம் முக்கியமோ சரியாக அங்கே! முதலில் 40-ஐக் கூட்டிவிட்டு அப்புறம் வகுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதையும் நான்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடா மொழியில் 1983-லேயே ஃபிக்ஸட் பாயின்ட் தனி டைப். இன்டெக்ஸாகக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. பார்த்ததும் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அங்கேயும் இன்டிஜராக மாற்றினால் அருகில் உள்ள முழு எண்ணுக்குப் போய்விடும்: 21.7 என்பது 22. எனக்கு வேண்டியது 21. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போகவே வேண்டாம், 1.5-ஆம் இடத்தில் எதையாவது எழுதினால் மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும், அரேயின் நீளம் மட்டும் மாறாது.

நான் கேட்பது பெரிய விஷயமா? ஃபிக்ஸட் பாயின்ட்டை இன்டெக்ஸாகக் கொடுத்தால் நிறுத்து, 'கீழே இறக்கவா, அருகில் உள்ளதா' என்று கேள். அவ்வளவுதான்.

இன்று காலையிலிருந்து பழைய கோடில் சதுர அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாதி தூரம்தான் வந்திருக்கிறேன், அதற்குள் இன்னொன்று சிக்கிவிட்டது. ஐஸ் உருக்கும் ஹீட்டரின் அரே.