ஒரு ஓட்டை வழியாக எவ்வளவு தெரியும்?

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலை பற்றிய செய்தி என்றாலே 15 கோடி டிகிரி வெப்பம் என்றுதான் தலைப்பு வைக்கிறார்கள். வைக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அந்தச் சூடான எரிபொருளை அடைத்துவைக்கும் காந்தக் கூண்டிலிருந்து நழுவிப் போகும் துகள்களின் கணக்கு.

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் இணைந்தால் ஒரு நியூட்ரானும் ஒரு ஆல்ஃபா துகளும் பிறக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தத்துக்குக் கட்டுப்படாது, நேராகச் சுவருக்குப் போய்விடும். அதை விடுங்கள். வீட்டில் தங்க வேண்டிய பிள்ளை, மின்னூட்டம் உள்ள ஆல்ஃபாதான். விநாடிக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர் வேகத்தில் பிறக்கிற அது, சுற்றிச் சுற்றி வந்து தன் வெப்பத்தைப் பிளாஸ்மாவுக்கு (மின்னூட்டம் பெற்ற அந்தச் சூடான வாயுவுக்கு) கொடுத்தால்தான் உலை தானாக எரியும். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஐடெர் உலையில் திட்டமிட்டிருக்கும் 500 மெகாவாட்டில் 100 மெகாவாட் இதன் பங்கு.

அதில் கொஞ்சம் தப்பினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். தப்புவது சுவர் முழுக்கப் பரவி விழுந்தால் கவலையில்லை. ஒரே இடத்தில் குவிந்து விழுவதுதான் வம்பு. அமெரிக்காவின் டிஎஃப்டிஆர் டோக்காமாக்கில் (வளைய வடிவக் காந்தக் கூண்டு கொண்ட இணைவுக் கருவி), வெப்பமூட்டும்போது உருவான வேக அயனிகள், காந்தப்புலக் கோடுகளின் அதிர்வான ஆல்ஃபென் அலைகளால் வெளியே தள்ளப்பட்டு, கலனில் கசிவே ஏற்பட்டது.

இதை அளக்கிற கருவி எளிமையானது. சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு நுண்துளை, உள்ளே ஒளிர்தகடு. துளை வழியாக வளைந்து வரும் அயனி தகட்டில் எங்கே விழுகிறதோ அங்கே ஒளிப்புள்ளி. அந்த இடத்தை வைத்தே அது காந்தப்புலத்தில் எவ்வளவு பெரிய வட்டமாகச் சுழல்கிறது என்ற சுழல் ஆரத்தையும், காந்தப்புலத்துக்கு எந்தக் கோணத்தில் வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். வேகமான கேமரா அதைப் படம் பிடிக்கும். எந்த அலை எந்த அயனியைத் தள்ளியது என்பது பெரும்பாலும் அதிலேயே பிடிபடும். ரொம்ப அழகான வேலை.

ஆனால் பெட்டி இருப்பது ஓரிடத்தில், சுவரோ அறை முழுக்க. மீதியைக் கணினிதான் நிரப்ப வேண்டும். ஆஸ்காட் போன்ற நிரல்கள் லட்சக்கணக்கான துகள்களின் பாதையைத் தொடர்கின்றன. அத்தனையில் நுண்துளைக்குள் நுழைவது விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், துளையிலிருந்தே காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. திருடன் புகுந்த ஜன்னலில் தொடங்கிக் காலடித் தடத்தைத் தேடுவது மாதிரி.

என் புகார் இங்கேதான். ஒரு துளையில் கணினி மாதிரியும் அளவீடும் பொருந்திவிட்டால், எங்கே எவ்வளவு விழும் என்று கணினி வரையும் முழுச் சுவரின் வண்ணப்படத்தையும் நம்பச் சொல்கிறார்கள். இரண்டு தவறுகள் அந்த ஒரு இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை தந்திருக்கலாமே? காந்தச் சுருள்களுக்கு இடையே புலம் சற்றுத் தளர்வதால் வரும் இழப்பு ஒரு பக்கம் விழும், அலையால் வரும் இழப்பு வேறு பக்கம் விழும். ஒரு பெட்டி இரண்டுக்கும் சாட்சி சொல்லாது.

மின்சாரம் தயாரிக்கும் உலை வந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே சுவருக்குப் பின்னால் ட்ரிட்டியம் தயாரிக்க வேண்டியிருப்பதால், அளவுகருவிக்கு விடும் ஒவ்வொரு ஓட்டையும் நஷ்டம்; நியூட்ரான் அடியில் ஒளிர்தகடும் நாளடைவில் மங்கிப்போகும். ஆகவே தாராளமாகப் பெட்டி வைத்து அளக்க முடிகிற காலம் இப்போதுதான். இன்றைய டோக்காமாக்குகளில் ஒன்றுக்கு நான்கு இடத்தில் வையுங்கள், அவற்றில் ஒன்றையாவது மாதிரியை எழுதுகிறவருக்குக் காட்டாமல் வையுங்கள். அவர் முதலில் கணித்துச் சொல்லட்டும், அப்புறம் படத்தைத் திறக்கலாம்.