எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

சென்னை பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. 1773 என்று வெட்டியிருக்கும். பஸ்ஸுக்கு ஓடுகிற யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தத் தூணுக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம்தான் நம் சனங்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. 1758 கடைசியில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த வீடுகள் அவர்களுக்கு நல்ல மறைவாகிவிட்டன. முற்றுகை முடிந்தபின் ஆங்கிலேயர்கள் அங்கிருந்த வீடுகளை இடித்து, பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்காதபடி வெட்டவெளியாக்கினார்கள். இதைத் தாண்டி வீடு கட்டாதே என்று நட்ட கல் அது.

சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்தில்தான் இடிபட்டது. சனங்கள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று தள்ளிப்போய்க் குடியேறினார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, தேவராஜ முதலி தெருவில் கோயிலைத் திரும்ப எழுப்பினார். பக்கத்திலேயே சென்ன மல்லீசுவரர். இன்றும் அந்த இரண்டும் சேர்ந்து பட்டணம் கோயில்தான். பட்டணம் போனாலும் பேரை விடவில்லை பாருங்கள்!

பாரம்பரியம் என்றால் 1892இல் திறந்த அந்தச் சிவப்பு நீதிமன்றத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அழகான கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் வீடிழந்தவர்கள் தாங்களே கட்டிய தெருக்களை 'நெரிசல்' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பாட்டி பர்மாவில், ரங்கூனில் பிறந்தவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே பிழைக்கப் போன குடும்பம். அந்த ஆட்சியும் போய், 1962க்குப் பிறகு ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டதும் கப்பலேறி வந்து வியாசர்பாடியில் ஒண்டினார்கள். கையில் ஒன்றுமில்லை. ஆனால் இன்று கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸின் வாசனை இல்லாமல் வடசென்னையை நினைக்க முடியுமா? அதுவும் மறுபடி கட்டியதுதான்.

சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் மீனவர்களுக்குக் கட்டிய குடியிருப்பை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. வீடு கொடுத்தார்கள், சரி. மாடி வீட்டில் வலையை எங்கே விரித்துப் பழுது பார்ப்பது? படகு ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம்.

இப்போது எங்கள் பக்கத்திலும் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுகிறார்கள். வரைபடம் போடுகிறவர்கள் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வரட்டும். எந்தப் படிக்கட்டில் பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள், மீன் கூடையை எங்கே இறக்கி வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கோடு போடட்டும்.