அவதானே பேசினா?

அக்கா: நேத்து சீரியல்ல, கோர்ட் சீன்ல கேட்டாளே, "தாலி கட்டினவன் சாட்சி, கட்டிக்கிட்டவ குற்றவாளியா?"ன்னு! என்னமா பேசுறா தம்பி அந்தப் பொண்ணு!

வசனகர்த்தா: அது நான் எழுதினதுக்கா.

அக்கா: நீயா? அவதானே பேசினா?

வசனகர்த்தா: அவங்க பெங்களூரு. தமிழ் தெரியாது. கேமராவுக்குப் பின்னால நின்னு உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியா சொல்லுவார், இவங்க வாயசைப்பாங்க. குரல் டப்பிங்ல வேற ஒருத்தங்க.

அக்கா: அப்ப அந்த டப்பிங்காரிதான் பேசினாளா!

வசனகர்த்தா: குரல் அவங்களோடது. வார்த்தை என்னோடது.

அக்கா: உன் பேரு வரவே இல்லையே?

வசனகர்த்தா: வரும். கதை, திரைக்கதை, வசனம்னு மூணு பேரு, ரெண்டு செகண்ட். அப்பதான் நீங்க குக்கரை இறக்கப் போவீங்க.

அக்கா: கதை உன்னோடது இல்லையா?

வசனகர்த்தா: வங்காளத்துல ஓடினது. மீன் குழம்பை சாம்பாரா மாத்துறது நான்.

அக்கா: அந்த வில்லியை ஏன் இன்னும் போலீஸ் பிடிக்கல?

வசனகர்த்தா: மாசம் பத்து நாள் கால்ஷீட் வாங்கியிருக்கு. உள்ள போட்டா அந்தப் பத்து நாளும் வீண். கோர்ட் செட்டுக்கு நாள் வாடகை, அதனால அஞ்சு எபிசோடு கோர்ட் சீனையும் ஒரே நாள்ல எடுத்தாங்க. எனக்குச் சொன்னது முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு. காலையில ஏழு மணிக்கு சீன் பேப்பர் ஸ்பாட்ல இருக்கணும்.

அக்கா: அதான் பாதி நேரம் யாருமே பேசல. மூஞ்சி மூஞ்சியா காட்டினாங்க.

வசனகர்த்தா: அரை மணியில விளம்பரம் போக 22 நிமிஷம் ஓடணும். எடிட்டிங்ல 19தான் தேறிச்சு. மிச்சம் மூணு நிமிஷமும் அதிர்ச்சி. மாமியாருக்கு, நாத்தனாருக்கு, வாட்ச்மேனுக்கு.

அக்கா: வாட்ச்மேன் நல்லா அதிர்ச்சியானான்! ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?

வசனகர்த்தா: பேசினா அவருக்குச் சம்பளம் கூட.

அக்கா: உனக்கு நல்லா தருவாங்கல்ல?

வசனகர்த்தா: எபிசோடுக்கு இவ்வளவுன்னு பேச்சு. ஒளிபரப்பாகி, சேனல் தயாரிப்பாளருக்குக் குடுத்து, அவர் எனக்குக் குடுக்கணும். ஆவணியில எழுதின கல்யாணத்துக்கு தீபாவளி கழிச்சு மொய் வரும். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். ஏறினா கதாநாயகிக்கு கேக் வெட்டுவாங்க. இறங்கினா "வசனம் வீக்"னு என் பேரு அப்பதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

அக்கா: பாவம்ப்பா. ஆமா, எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதிக் குடேன். சும்மா நாலு வரிதானே?

வசனகர்த்தா: கீழ என் பேரு போடுவீங்களா?

அக்கா: உன் பேரா? கட்டிக்கிறவங்க அவங்கதானே!