அப்பாவிடம் சொல்லி வைத்திருந்த அந்தப் பேச்சு

2024 ஆகஸ்ட் 23-லிருந்து செப்டம்பர் 28 வரைக்கும், ஐந்தே வாரத்தில் நாலு தமிழ்ப் படங்களைத் தியேட்டரில் பார்த்தேன். கொட்டுக்காளி, வாழை, லப்பர் பந்து, மெய்யழகன். நாலும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான் சொல்ல வந்தது மெய்யழகனைப் பற்றித்தான். ஆனால் மற்றவற்றைத் தொடாமல் அதைச் சொன்னால் என் வருத்தம் புரியாது.

பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். பக்கத்தில் பைக்கில் சூரி, தொண்டை கட்டிப்போய். ஆட்டோ இரைச்சலும் பைக் சத்தமும்தான் காதில் விழும். முதல் கால்மணி நேரம் எங்கள் தியேட்டரில் ஒரே முணுமுணுப்பு. எனக்குப் பின்னால் இருந்தவர், "பாட்டே வராதா தம்பி?" என்று நிஜமாகவே கேட்டார். அப்புறம் ஒரு இடம் வரும். நடுரோட்டில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும். அத்தனை ஆம்பளைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை அழைத்துப் போய்விடுவாள். அவள் வந்ததும் தியேட்டர் கப்சிப். பின்னால் இருந்தவரும் அதற்கப்புறம் பேசவில்லை. அதுவரை அந்த ரோட்டில் நாமும் அவர்களோடு காத்துக்கிடந்ததால்தான் அந்தப் பிள்ளை அவ்வளவு பெரியவளாகத் தெரிகிறாள்.

அதே வெள்ளிக்கிழமை வந்தது மாரி செல்வராஜின் வாழை. தார் சுமந்து கழுத்து வலிக்கிற பையன், ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டாக்கச் சொல்லிக் கேட்கிற சனம், ரஜினியா கமலா என்று அடித்துக்கொள்கிற இரண்டு சிறுவர்கள். முதல் பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம்தான் கடைசி அரைமணி நேரம் மூச்சு விடாமல் இருந்தது. ஊரே சாவு வீடாகக் கிடக்கிறபோது, பசி தாங்காத அந்தப் பையன் சோற்றில் கைவைக்கிற இடத்தில், எனக்கு அடுத்த சீட்டில் இருந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அந்தப் பசியை இயக்குநர் எவ்வளவு நேரம் காட்டியிருந்தார்! வேலைக்குப் போகாமல் ஓடுவது, ஒரு வாழைப்பழத்துக்காக அடிவாங்குவது, வீட்டுக்கும் போக முடியாமல் அலைவது என்று நம் வயிறு சுருங்கும்வரை இழுத்தார். அந்த இழுப்பு இல்லாவிட்டால் அந்தச் சோற்றுக்கு என்ன அர்த்தம்?

தமிழரசன் பச்சமுத்துவின் லப்பர் பந்து கொண்டாட்டம். விஜயகாந்த் பாட்டு வந்தபோது தியேட்டரே எழுந்தது, நானும் எழுந்தேன். சுவாசிகா டிராக்டரை எடுத்து கிரவுண்டை உழுகிற காட்சியை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாலும் போவேன். சாதி எப்படி ஒருவனை டீமுக்கு வெளியே நிறுத்தும் என்பதைக் கதையோடு கதையாகச் சொன்ன படம்.

சரி, மெய்யழகன். பிரேம்குமார் இயக்கியது. வெளியான மறுநாள், சனிக்கிழமை தனியாகப் போனேன். 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பிய குடும்பம். இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தங்கச்சி கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார் அரவிந்த்சாமி. "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிற கார்த்தியின் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க அவரோடு கழிக்க வேண்டியதாகிறது. கதை இவ்வளவுதான். மேடையில் தங்கச்சிக்கு அவர் தன் கையாலேயே நகை போட்டுவிடும்போது நான் அழ ஆரம்பித்தேன். விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று இன்னொருத்தன் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது தெரியவந்தபோது துடைப்பதையும் விட்டுவிட்டேன்.

எங்களுக்கும் கும்பகோணம் பக்கம் ஒரு வீடு இருந்தது. இப்போது இல்லை. அப்பா அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார். அதனால் படம் முடிந்ததும் வாசலில் நின்றே போன் பண்ணினேன். "அடுத்த ஞாயிறு வாங்கப்பா, கூட்டிட்டுப் போறேன். ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுற இடம் ஒன்னு இருக்கு. ஈழத்தைப் பத்தி அந்தப் பையன் மனசு உடைஞ்சு பேசுவான். உங்களுக்காகவே வச்ச மாதிரி இருக்கும்" என்றேன். 2009-இல் அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மே மாதம் ஒருநாள் அதை அணைத்துப் பரண்மேல் போட்டவர், திரும்ப எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ராத்திரிக் காட்சிகள் தொடங்கியதும் நான் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வரவே இல்லை. கார்த்தியின் ஜல்லிக்கட்டுக் காளை வருகிற பகுதியும் குறைந்திருந்தது. வெளியான மூன்று நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் குறைத்துவிட்டார்கள் என்பதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

படம் நீளம் என்று பலர் சொன்னார்கள், பார்வையாளர்களை மதித்துக் குறைத்தார் இயக்குநர். அவர் படம், அவர் உரிமை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம்மேல்தான். இடைவேளையிலேயே போனை எடுத்து "செகண்ட் ஹாஃப் லேக்" என்று போடத் தயாராகிவிடுகிறோம். முதல் சனி ஞாயிறு தாண்டினால்தான் படத்துக்கு வாழ்வு, நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் என்கிற நிலையில், நாம் போடுகிற அந்த ஒரு வார்த்தை கத்திரிக்கோலாக மாறுகிறது. சண்டைக்காட்சி பத்து நிமிடம் ஓடினால் யாரும் லேக் என்பதில்லை. இரண்டு பேர் பத்து நிமிடம் பேசினால் சொல்கிறோம். நம் வீடுகளில் பேச்சு எப்படி நடக்கும்? திண்ணையில் உட்கார்ந்தால் மாட்டில் ஆரம்பித்து, மழைக்குப் போய், செத்துப்போன தாத்தாவைத் தொட்டு, யாரோ அழுது, யாரோ சிரித்து, விடிந்துவிடும். அந்தப் படம் அப்படிப்பட்ட ஒரு ராத்திரியைப் பற்றியது. அதில் எந்தப் பேச்சு தேவை, எது தேவையில்லை என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மெய்யழகனில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கார்த்தியின் நல்லதனம் சில இடங்களில் திகட்டுகிறது. அவர் மனைவியாக வருகிற ஸ்ரீதிவ்யாவுக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குறை எதுவும் நீளத்தால் வந்தது இல்லை.

படம் முடிந்து பைக் ஸ்டாண்டுக்கு வந்தோம். அப்பாவின் கண் சிவந்திருந்தது. சைக்கிள் காட்சியில்தான் அழுதிருக்கிறார். "நீ சொன்ன இடம் எதுடா? நான் தூங்கிட்டேனா?" என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"அந்தப் பையன் என்னதான் பேசுனான், சொல்லு."

எனக்கு ஞாபகம் இருந்த அளவுக்குச் சொன்னேன். கார்த்தி மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். அப்பா தொடர்ந்தார். அந்த மே மாதத்தில் எந்த நாள் என்ன செய்தி வந்தது, அம்மாவிடம் எதை மறைத்தார், ரேடியோவை ஏன் அணைத்தார் என்று ஒவ்வொன்றாக. பதினைந்து வருஷத்தில் என்னிடம் ஒருதடவைகூடச் சொல்லாதவை. டோக்கன் கேட்டு ஸ்டாண்ட்காரர் வந்து நின்றார். அப்பா அவரைப் பார்க்காமலே டோக்கனை நீட்டிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்.