காரணமே இல்லாமல் ஓடிவிட்டாளாம்

நூறு டாலர் பரிசு என்று தொடங்குகிறது அந்த விளம்பரம். தேதி 1835 ஜூன் 30. கொடுத்தவர் அமெரிக்காவின் வட கரோலினாவில், ஈடன்டன் என்ற சிறிய துறைமுக ஊரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஜேம்ஸ் நார்கம். தன் வேலைக்காரப் பெண் ஹாரியட்டைப் பிடித்து ஒப்படைப்பவருக்குப் பரிசு. வயது 21, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். தலை நிறைய கறுத்த முடி, இயல்பாகச் சுருளும், ஆனால் சீவினால் சுலபமாக நேராகிவிடும். தடையில்லாமல் சரளமாகப் பேசுவாள். நல்ல தையல்காரி என்பதால் நன்றாக உடுத்திப் பழகியவள்.

சீவினால் முடி நேராகும் என்பதுவரை ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அதற்குக் கொஞ்சம் கீழே அவரே எழுதுகிறார்: தெரிந்த காரணமோ தூண்டுதலோ எதுவும் இல்லாமல் இந்தப் பெண் என் மகனுடைய தோட்டத்திலிருந்து ஓடிவிட்டாள்.

இந்த ஒரு வரி பல நாளாக என்னை விடவில்லை. நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, எதனால் காய்ச்சல் வந்தது என்று கேட்பதே தொழிலாக இருந்தவர் அவர். காரணம் தெரியவில்லையாம்.

நார்கம் யார் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். 1778இல் பிறந்தவர். பிலடெல்பியா போய், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஈடன்டனில் மரியாதையான புள்ளி. பெரிய குடும்பம். அவர் குடும்பத்தின் கடிதக் கட்டுகள் வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் அதிகாரமும் பாசமும் ஒன்றாகக் காட்டுகிற ஒரு தகப்பனை அவற்றில் பார்க்கலாம்.

நண்பர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "அந்தக் காலம் அப்படி. வெளியே எப்படியோ, வீட்டுக்கு நல்ல அப்பாவாகத்தானே இருந்திருக்கிறார்." அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நல்ல அப்பா ஒருவர், அடிமை வைத்திருந்த முதலாளி ஒருவர் என்று அங்கே இரண்டு பேர் இல்லை. அந்த அப்பாவின் பாசம்தான் ஹாரியட்டின் கால் விலங்கு. உருவகமாகச் சொல்லவில்லை. சட்டப்படியே அப்படித்தான்.

ஹாரியட் ஜேக்கப்ஸ் 1813இல் அடிமையாகவே பிறந்தவர். முதலில் அவருக்கு உடைமையாளராக இருந்தவர் மார்கரெட் ஹார்னிப்ளோ, நார்கம் மனைவியின் சகோதரி. எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். 1825இல் மார்கரெட் இறந்துபோனார். உயிலோடு பிற்சேர்க்கை ஒன்று இருந்தது. ஹாரியட் என்ற பெண்ணை நார்கமின் மகள் மேரி மெட்டில்டாவுக்குக் கொடுக்கச் சொல்கிறது அது. அந்தப் பிற்சேர்க்கையில் மார்கரெட்டின் கையெழுத்து இல்லை. சாட்சிகளில் ஒருவர் டாக்டர் நார்கம்.

மகளோ இன்னும் விவரம் தெரியாத குழந்தை. ஒரு குழந்தைக்குப் பொம்மை கொடுப்பதுபோல் ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். பின்னாளில் ஹாரியட்டை விலைக்கு வாங்கி விடுவிக்க யார் வந்து கேட்டாலும் நார்கம் சொன்ன பதில் ஒன்றுதான்: அவள் என் மகளுடைய சொத்து, விற்க எனக்கு உரிமை கிடையாது. பொறுப்பான தகப்பன் பேசுகிற பேச்சு இது. அந்தப் பேச்சுக்குப் பின்னால், ஐம்பதை ஒட்டிய வயதில் இருந்த அந்த மனிதர், பதினைந்து வயதுப் பெண்ணின் காதில் வீட்டுக்குள் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை ஹாரியட் பிறகு எழுதினார். எழுதப் பழகுகிறாள் என்று தெரிந்ததும் சீட்டு எழுதிக் கையில் திணித்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்தாள் அந்தப் பெண். அப்படியானால் நானே படித்துக் காட்டுகிறேன் என்றார் அவர். அடிமைப் பெண்களிடம் அவருக்கு ஏற்கனவே பதினொரு பிள்ளைகள் என்று ஹாரியட் எழுதுகிறார். வீட்டுக்கு நல்ல அப்பா என்று சொல்லும்போது அந்தப் பதினொரு பேரையும் வீட்டுக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? என் நண்பர் சேர்க்கவில்லை. நார்கமும் சேர்க்கவில்லை.

அந்த வீட்டுச் சமையலறையைக் கொஞ்சம் பாருங்கள். மாவை நிறுத்து, பிஸ்கட்டை எண்ணி, ஒவ்வொரு வேளைக்கும் அளந்துதான் கொடுப்பார் நார்கமின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு சொன்ன நேரத்துக்கு மேசைக்கு வராவிட்டால் அவரே சமையலறைக்கு வந்து நின்றுகொள்வார். எல்லாம் பரிமாறி எடுக்கும்வரை காத்திருந்து, அடுப்பிலிருந்த ஒவ்வொரு பானையிலும் சட்டியிலும் காறித் துப்புவார். அடியில் ஒட்டியிருக்கும் குழம்பையும் காந்தலையும் சமையல்காரி தன் பிள்ளைகளுக்கு வழித்துக் கொடுத்துவிடக் கூடாதல்லவா, அதற்காக. டாக்டர் நாக்கு ருசி அறிந்தவர். பிடிக்காத பதார்த்தம் மேசைக்கு வந்தால் சமையல்காரிக்குச் சவுக்கடி, இல்லாவிட்டால் தன் கண் முன்னாலேயே அதை முழுதும் தின்ன வைப்பார். எச்சில் பானையும், நிறுத்துக் கொடுக்கும் மாவும், மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே.

நார்கமின் மனைவி மீது எனக்கு முதலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. கணவன் ஒரு சிறுமியின் பின்னால் அலைவதைப் பார்த்துக்கொண்டு வாழ்வது எந்தப் பெண்ணுக்கும் கொடுமைதான். அவர் ஹாரியட்டைக் கூப்பிட்டு, பைபிள் மீது கை வைத்து உண்மை சொல்லச் சொன்னார். ஹாரியட் சொன்னாள். அவர் அழுதார். எல்லாம் தனக்காக அழுத அழுகை. அதற்கு அப்புறம் ஹாரியட்டைத் தன் அறையை ஒட்டிய அறையில் படுக்க வைத்தார். நடு ராத்திரியில் ஹாரியட் கண் விழித்துப் பார்த்தால் தலைக்கு மேல் அவர் குனிந்துகொண்டிருப்பார். சில இரவுகளில் கணவன் பேசுவதுபோலக் காதில் கிசுகிசுத்துவிட்டு, தூக்கத்தில் என்ன பதில் வருகிறது என்று காத்திருப்பார். பாதுகாப்புக் கேட்டு நின்ற பதினைந்து வயதுப் பெண்ணை அவர் எதிரியாகத்தான் பார்த்தார்.

பெட்டி என்ற பெயருடைய ஹாரியட்டின் சித்தியும் அதே வீட்டு அடிமை. எஜமானியின் அறை வாசலில், வெறும் தரையில் படுத்து, ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓட வேண்டும். கர்ப்பமாக இருந்தபோதும் அதே தரைதான். ஆறு குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன, ஒன்றும் தங்கவில்லை. ஒரு டாக்டரின் வீட்டில்! பெட்டி இறந்ததும் எஜமானியம்மாள் தங்கள் குடும்ப மயானத்தில், தன் காலடியில் அவரைப் புதைக்க ஆசைப்பட்டார். பெட்டியின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாரோ எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா மறுத்துவிட்டார்.

அந்த அம்மாதான் மோலி, ஹாரியட்டின் பாட்டி. நார்கமின் மாமியாருடைய அடிமை. பகலெல்லாம் எஜமானி வேலை, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தன் வேலையாக பிஸ்கட் சுட்டு விற்பார். பிள்ளைகளை மீட்டுவிட வேண்டும் என்று அப்படிச் சேர்த்த காசு முந்நூறு டாலரானது. எஜமானி அதைக் கடனாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடிமைக்குக் கொடுத்த வாக்குக்கோ எழுதிக் கொடுத்த தாளுக்கோ சட்டத்தில் மதிப்பு கிடையாது. மாமியார் இறந்த பின் சொத்தை நிர்வகித்த நார்கமிடம் மோலி போய்க் கேட்டார். கடனைத் தீர்க்கச் சொத்தில் பணமில்லை, சட்டம் இடம் கொடுக்காது என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். அந்த முந்நூறு டாலரில் வாங்கிய வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி மட்டும் அவர் வீட்டிலேயே இருந்துகொண்டது. அதற்குச் சட்டம் குறுக்கே வரவில்லை.

மோலிக்கு விடுதலை தருவதாக எஜமானி சொல்லி வைத்திருந்தார். நார்கம் அவரையும் விற்கப் பார்த்தார். ஊர் ஏசும் என்ற கூச்சத்தில், சத்தமில்லாமல் தனியாக விற்றுவிடுகிறேன் என்றார். மோலி அதற்குச் சம்மதிக்கவில்லை. ஏலம் நடந்த அன்று தானே போய் ஏல மேடையில் ஏறி நின்றார். கூட்டத்திலிருந்து "வெட்கக்கேடு, வெட்கக்கேடு" என்று குரல் எழுந்தது. இறந்த எஜமானியின் சகோதரி, வயதான பெண்மணி, ஐம்பது டாலர் என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வாங்கிய அந்த அம்மாள் மோலிக்கு விடுதலை எழுதிக் கொடுத்தார்.

சரி, ஹாரியட் ஓடிய காரணத்துக்கு வருகிறேன். நார்கமிடமிருந்து தப்பிக்க வேறு வழி தெரியாமல், திருமணமாகாத வெள்ளைக்கார வக்கீல் சாமுவேல் சாயருடன் பழகினார். இரண்டு பிள்ளைகள். இந்தக் காரணத்துக்காக ஹாரியட்டைக் குறை சொல்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவருக்கு முன்னால் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். தாய் அடிமை என்றால் பிள்ளைகளும் அடிமை, அதாவது நார்கம் வீட்டுச் சொத்து. தன் இச்சைக்கு இணங்காததால் ஹாரியட்டை மகனின் தோட்டத்துக்கு அனுப்பினார் டாக்டர். பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து வேலைக்குப் பழக்கப் போகிறார்கள் என்று ஹாரியட்டுக்குத் தெரிந்தது. தான் காணாமல் போனால் வெறுத்துப்போய் பிள்ளைகளை விற்றுவிடுவார், அவர்கள் அப்பாவே வாங்கிக்கொள்ள முடியும் என்று கணக்குப் போட்டார். நார்கம் அந்தக் குழந்தைகளையும், ஹாரியட்டின் தம்பி ஜானையும் சிறையில் அடைத்தார். கடைசியில் கணக்கு சரியாகவே வந்தது. சாயரின் ஆளாக வந்த வியாபாரியிடம் அவர்களை விற்றார். ஜான், டாக்டரின் மருந்தறையில் அட்டை விடவும் ரத்தம் எடுக்கவும் கற்றுக்கொண்ட பையன்.

அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலங்களுக்கு ஹாரியட் போகவில்லை. பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கும் பரண் பலகைக்கும் நடுவே ஒளிந்திருந்தார். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு அடி, உயரம் அதிகபட்சம் மூன்று அடி, அதுவும் ஒரு பக்கம் சரிந்து இறங்கும். வெளிச்சம் இல்லை. எலி ஓடும். நான் டேப் எடுத்து வீட்டில் அளந்து பார்த்தேன். எங்கள் சாப்பாட்டு மேசை இரண்டரை அடி உயரம். அதன் கீழே முதுகை வளைத்து உட்கார்ந்தேன். நாலு நிமிஷத்தில் கழுத்து வலித்தது, வெளியே வந்துவிட்டேன். அவர் அங்கே இருந்தது ஏறக்குறைய ஏழு வருஷம்.

தெருவைப் பார்க்க மரச்சுவரில் ஓர் அங்குலத்துக்குத் துளை போட்டார், பிள்ளைகள் முகம் தெரியுமே என்று. துளை போட்டதும் தெருவில் முதலில் கண்ணில் பட்டவர் டாக்டர் நார்கம்.

அந்த டாக்டரை வடக்கே தேட வைக்க ஹாரியட் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பழைய நியூயார்க் பத்திரிகைத் துண்டில் தெருப் பெயர் பார்த்து, நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோலக் கடிதம் எழுதி, போகிற ஆளிடம் கொடுத்து அங்கிருந்தே தபாலில் போட வைத்தார். டாக்டர் வந்தால் இந்தக் கதவுப் பக்கம் உட்கார வை, எனக்குக் கேட்க வேண்டும் என்று பாட்டியிடம் சொல்லி வைத்தார். நார்கம் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், கடிதத்தைப் படித்தார். ஹாரியட் எழுதிய கடிதத்தை அல்ல. அவள் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வர ஏங்குவதாக அவரே வேறொன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். உண்மைக் கடிதத்தை எழுதிய ஹாரியட் சில அடி தூரத்தில் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை நார்கம் என்ற தனி மனிதரின் கோணல் புத்தி என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. 1851இல் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற இன்னொரு டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மன நோய் என்று மருத்துவ இதழில் கட்டுரை எழுதி, டிராப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். வைத்தியத்தில் சவுக்கும் உண்டு. ஓடுவதற்குக் காரணமில்லை என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தார், காரணம் ஓடுகிறவர் தலைக்குள் இருக்கிறது என்று மற்றவர் கட்டுரை எழுதினார். இரண்டு பேரும் படித்தவர்கள். படிப்பு அவர்களுக்குக் கண்ணைத் திறக்கவில்லை, கண்ணை மூடிக்கொள்ள நல்ல வார்த்தைகளைத்தான் கொடுத்தது.

1842இல் ஹாரியட் கப்பலேறித் தப்பினார். முதலில் கால் வைத்த ஊர் பிலடெல்பியா, நார்கம் மருத்துவம் படித்த ஊர். பிறகு நியூயார்க்கில் குழந்தை வளர்க்கும் வேலை. நார்கம் 1850இல் இறந்தார். அத்துடன் முடியவில்லை, சொத்து மகளுடையதாயிற்றே. 1852இல் மேரி மெட்டில்டா கணவனுடன் நியூயார்க் வந்து இறங்கினார், தன் உடைமையைத் தேடி. ஹாரியட் வேலை பார்த்த வீட்டு அம்மாள் கொர்னீலியா வில்லிஸ் பணம் கொடுத்து அந்த உரிமையை முடித்து வைத்தார். விலை முந்நூறு டாலர்.

அந்தத் தொகையைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பாட்டி ராத்திரி ராத்திரியாக பிஸ்கட் சுட்டுச் சேர்த்ததும் முந்நூறுதான். ஹாரியட்டுக்குச் சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. சுதந்திர நகரமான நியூயார்க்கில் ஒரு மனிதப் பிறவியை விற்றதற்கு ரசீது இருக்கிறதே என்று எழுதினார். பணம் கொடுத்தவர் மீது நன்றி உண்டு, ஆனால் தனக்குச் சொந்தமாக ஒருபோதும் இல்லாத ஒன்றுக்கு விலை கேட்டவன் மீது வெறுப்புத்தான் என்றார்.

1861இல் வேறு பெயரில் அவர் தன் கதையை வெளியிட்டார். நூறு ஆண்டுக்கு மேல் பல ஆய்வாளர்கள் அதை ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதிய கற்பனை என்றே நினைத்தார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற பேராசிரியர், ஹாரியட்டின் கடிதங்களையும் நார்கம் குடும்பக் காகிதங்களையும் வைத்துப் பார்த்து, ஊர், ஆள், சம்பவம் என்று ஒவ்வொன்றாக உறுதி செய்தார். பாசமாக எழுதிய அந்தக் குடும்பக் கடிதங்களே கடைசியில் சாட்சி சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்த பின், 1867இல் ஹாரியட் ஈடன்டன் போனார். ஊரில் மிச்சமிருந்த வயதானவர்களைத் தேடித் தேடிப் பார்த்தார். பாட்டி வீட்டில் உட்கார்ந்து ஒரு தோழிக்குக் கடிதம் எழுதினார். பழைய கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், அடிமைத்தனத்தின் முழு பாரத்தையும் நான் சுமந்த இடம் இங்கிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிறது என்று.

இப்போது அவர் நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியிருப்பார்.