பயப்பட வேண்டியது மறுஅச்சுக்கு அல்ல

மேஜிக், போகிமான் போன்ற கார்டு ஆட்டங்களில் பழைய கார்டு ஒன்று திரும்ப அச்சாகப் போகிறது என்று செய்தி வந்த ராத்திரியே, வைத்திருந்ததை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. நானும் ஒரு முறை அதைச் செய்தவன்.

மேஜிக் ஆடுகிறவர்களுக்கு டார்மகாய்ஃப் தெரிந்திருக்கும். 2007-இல் ஃபியூச்சர் சைட் என்ற செட்டில், அதாவது ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுப்பில், வந்த பச்சை கார்டு. களத்தில் இறங்கிச் சண்டை போடும் கிரியேச்சர் வகை. இறக்கக் கொடுக்க வேண்டிய விலையை மானா என்பார்கள், இதை இரண்டே மானாவில் இறக்கலாம். எல்லோருடைய கிரேவ்யார்டிலும், அதாவது தீர்ந்த கார்டுகளின் குவியலிலும், எத்தனை வகைக் கார்டுகள் கிடக்கின்றனவோ அத்தனை பலம் அதற்கு. ஆட்டம் நீள நீள வளரும். ஆட எடுத்துப்போகும் கட்டான டெக்கில் ஒரே கார்டை நான்கு வைக்கலாம், நான்குமே என்னிடம் இருந்தன. 2013-இல் மாடர்ன் மாஸ்டர்ஸ் என்ற மறுஅச்சு செட்டில் இது வரப்போகிறது என்றார்கள். இனி விலை தரைக்கு வந்துவிடும் என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான்கையும் ஸ்லீவிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டேன்.

செட் வந்தது. டார்மகாய்ஃப் விலை ஏறியது.

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு யோசித்தபோது விஷயம் எளிமையாக இருந்தது. அந்த செட்டை அளவாகத்தான் அச்சடித்தார்கள், இந்தக் கார்டையோ அதிலும் மிக அரிதான வரிசையில் வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் கார்டு பொட்டலம்தான் பேக். அதை உடைத்த ஒருவருக்கு ஒரு டார்மகாய்ஃப் கிடைக்கிறது என்று வையுங்கள். அதுவரை இந்த டெக் நமக்கு எட்டாது என்று ஒதுங்கியிருந்தவர், ஒன்று கையில் வந்ததும் மிச்சம் மூன்றைத் தேட ஆரம்பிக்கிறார். ஒரு கார்டு சந்தைக்குள் வந்தது, மூன்று கார்டுக்கான தேவையும் அதோடு சேர்ந்து வந்தது.

2015-இல் இன்னும் விசித்திரம். அந்த வருடமும் மறுஅச்சு வந்தது. லாஸ் வேகஸில் நடந்த கிராண்ட் ப்ரீ என்ற பெரிய போட்டியின் கடைசி எட்டுப் பேர் சுற்றில், பேக் உடைத்து அதிலிருந்து ஒவ்வொரு கார்டாக எடுத்து டெக் கட்ட வேண்டும். அங்கே ஒரு வீரர் தன் டெக்குக்குத் தேவையான கார்டை விட்டுவிட்டு, பேக்கில் வந்த ஃபாயில், அதாவது பளபளக்கும், டார்மகாய்ஃபை எடுத்துக்கொண்டார். அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். அதே கார்டை ஈபேயில் ஏலம் விட்டபோது 14,900 டாலருக்குப் போனது. பாதித் தொகையை அவர் அறக்கொடைக்குத் தந்தார். புத்தம் புது மறுஅச்சுதான் அது. ஆனால் அந்த ஒரு பிரதிக்கு மட்டும் சொல்ல ஒரு கதை இருந்தது.

சரி, மறுஅச்சு விலையை இறக்கியதே இல்லையா? இறக்கியிருக்கிறது. 1995-இல் வந்த கிரானிக்கிள்ஸ் இதற்குப் பெரிய சாட்சி. லெஜண்ட்ஸ், அரேபியன் நைட்ஸ் போன்ற ஆரம்பகால செட்டுகளின் கார்டுகளை வெள்ளை பார்டர் போட்டு மலையாய்க் குவித்தார்கள். அரிது என்பதற்காகவே காசு கொட்டி வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பை அடக்கத்தான் 1996-இல் மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனம் ரிசர்வ்ட் லிஸ்ட் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் உள்ள கார்டுகளை இனி அச்சடிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. ஆனால் அந்தக் கதையின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. அன்று அடிவாங்கிய நிக்கோல் போலாஸ் என்ற கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இன் கறுப்பு பார்டர் லெஜண்ட்ஸ் பிரதிக்கு இன்றைக்கு நல்ல விலை, கிரானிக்கிள்ஸ் பிரதி சில்லறைக் காசு. பெயரும் படமும் ஒன்றாக இருந்தாலும், நாளாக நாளாகச் சந்தை இரண்டையும் வேறு வேறு பொருளாகத்தான் பார்த்தது.

போகிமானில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என்னிடம் நெருப்புக் கக்கும் சாரிஸார்ட் கார்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1999-இல் வந்த பேஸ் செட், முதல் பதிப்பு அல்ல, சாதாரணப் பிரதி. மற்றது 25-ஆம் ஆண்டுக்காக 2021-இல் வந்த செலிப்ரேஷன்ஸ். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதே படம், அதே நெருப்பு. புதியதில் ஆண்டுவிழா முத்திரை குத்தியிருக்கிறது. பழையதன் ஓரங்களில் வெள்ளை தெரிகிறது, ஃபாயிலில் மெல்லிய கீறல்கள், வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். முதல் பதிப்பாக இருந்தால் படத்துக்குக் கீழே இடது பக்கம் சின்னதாக ஒரு கறுப்பு முத்திரை இருக்கும், படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் இருக்காது. ஒரு முத்திரை, ஒரு நிழல், சட்டென்று கண்ணில் படும் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தோடு, கீறல் இல்லாமல் பத்துக்குப் பத்து கிரேடு வாங்கிய ஒரு பிரதி 2022-இல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. அதற்குள் சாரிஸார்ட் எத்தனை முறை திரும்பி வந்துவிட்டது! 2000-இல் பேஸ் செட் 2, 2002-இல் லெஜண்டரி கலெக்ஷன், அப்புறம் செலிப்ரேஷன்ஸ். ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தலைமுறை அந்தப் படத்தின் மேல் ஆசை வைத்தது. ஆசை வைத்தவர்களில் சிலர் வளர்ந்து, சம்பாதித்து, முதல் பிரதியைத் தேடிப் போனார்கள். மறுஅச்சு பழையதற்கு விளம்பரமாகத்தான் ஆனது.

அப்படியானால் டார்மகாய்ஃபை எது கொன்றது?

அதைவிட நல்ல கார்டுகள். 2017 ஜனவரியில் ஃபேட்டல் புஷ் என்ற கார்டு வந்தது. ஒரே ஒரு கறுப்பு மானா கொடுத்து, இரண்டு மானா கிரியேச்சரை அழித்துவிடலாம். 2019-இலும் 2021-இலும் வந்த மாடர்ன் ஹொரைசன்ஸ் செட்டுகள் இன்னும் வேகமான, இன்னும் மலிவான கிரியேச்சர்களைக் கொண்டுவந்தன. டெக்கில் டார்மகாய்ஃபுக்கு இடமே இல்லாமல் போயிற்று. இன்று அதன் விலை உச்சத்தில் இருந்ததில் மிகச் சிறிய பங்கு. நடுவில் மறுஅச்சுகளும் வந்தன, உண்மைதான். ஆனால் ஆடுகிறவனுக்கு அது வேண்டியிருந்த வரைக்கும் எத்தனை அச்சடித்தாலும் சந்தை விழுங்கிக்கொண்டது. வேண்டாம் என்று ஆனபிறகு விலையைத் தாங்க எதுவும் இல்லை.

ஆகவே புது செட்டின் பட்டியல் வெளியானதும், என் கார்டு அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். என் கார்டின் வேலையை இனி வேறு எது செய்யப்போகிறது என்று தேடுங்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும். ஷுக்கோ என்று 2005-இல் வந்த ஒரு கார்டு, பல வருடங்களாக அநேகமாக யாரும் சீந்தாமல் டப்பாக்களின் அடியில் கிடந்தது. 2024-இல் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3-இன் நாடூ கார்டைக் காட்டினார்கள். ஷுக்கோவை மானா செலவே இல்லாமல் ஒரு கிரியேச்சரிலிருந்து இன்னொன்றுக்கு மாட்டலாம், அப்படி மாட்டும்போது நாடூ பலன் தரும். விலை எகிறியது. ஆகஸ்ட் மாதம் மாடர்ன் என்ற போட்டி வகையில் நாடூவைத் தடை செய்தார்கள், ஷுக்கோவும் கூடவே இறங்கியது. நடுவில் வாங்கியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

புது செட்டுகளின் பேக்குகளை எதிர்காலத்துக்கென்று பெட்டி பெட்டியாக அடுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச்சோடு முடிந்த ஒரே நிதியாண்டில் போகிமான் அச்சடித்த கார்டுகள் ஏறத்தாழ 1,190 கோடி. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு 2022-இல் 1.26 கோடி டாலருக்கு விற்றதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அந்தத் தொடரில் விற்காமல் கிடந்த பெட்டிகளைப் பின்னாளில் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அன்று யாருக்கும் வேண்டாததால்தான் இன்று அரிதாக இருக்கிறது. 1980-களின் கடைசியில் எல்லோரும் பத்திரமாக எடுத்துவைத்த பேஸ்பால் கார்டுகளுக்குப் பெரும்பாலும் இன்றும் விலை இல்லை. எல்லோரும் பத்திரப்படுத்தும் ஒரு பொருள் எப்படி அரிதாகும்?

நிறுவனங்களிடமும் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆடத் தேவையான கார்டுகளைத் தாராளமாக அச்சடியுங்கள், நான் கைதட்டுவேன். பிள்ளைகள் ஆட வர வேண்டும். ஆனால் 2022-இல் மேஜிக்கின் 30-ஆம் ஆண்டுக்கென்று நான்கு பேக்குகளை 999 டாலருக்கு விற்றார்களே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? உள்ளே பிளாக் லோட்டஸ் என்ற பேர்போன பழைய கார்டு இருக்கலாம், ஆனால் பின்பக்கம் வேறு, டோர்னமெண்டில் ஆட முடியாது. ஆடுகிறவனுக்கும் உதவவில்லை, 1993-இன் உண்மையான பிரதியும் அது இல்லை. அதே வருடம் நவம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஆய்வாளர்கள், அளவுக்கு மீறி அச்சடித்துப் பொன்முட்டை வாத்தைக் கொல்கிறீர்கள் என்று விஸார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் பங்கு மதிப்பீட்டையே இறக்கினார்கள். ஒரு செட்டை ஆடிப் பழகுவதற்குள் அடுத்தது வந்து நின்றால், எதன்மேல்தான் ஒருவனுக்குப் பிரியம் உண்டாகும்? அந்தப் பிரியம் இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து யார் தேடி வரப்போகிறார்கள்?

போன வருடம் நான்கு டார்மகாய்ஃப் திரும்ப வாங்கினேன். 2007-இன் அந்தப் பழைய பிரதிகளே, ஃபியூச்சர் சைட்டின் வளைந்த சட்டத்தோடு. அன்று விற்ற விலையில் சிறு பகுதிதான் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடும்போது இரண்டாவது சுற்றிலேயே இறக்குகிறேன். பெரும்பாலும் ஒரு ஃபேட்டல் புஷ்ஷில் செத்துவிடுகிறது. அடுத்ததை எடுத்து இறக்குகிறேன்.