தன்னைக் குறைசொல்வதற்கு முன்

தன்மீதான ஐயம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், அந்த ஐயம் மனத்திடம் குறைந்தவர்களுக்கே வரும், நம்பிக்கையோடு உழைப்பவர்களை அது அணுகாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள படுவான்கரையில் வெள்ளாமை செய்யும் குடும்பத்தில் பிறந்த என்னால் ஏற்க முடியவில்லை.

2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர் வந்த பெரும்போகம் என்னும் மாரிகால நெற்செய்கைப் பருவத்தில், வாழ்நாள் முழுவதும் வயலில் நின்ற என் தந்தை, மஞ்சளித்துப்போன பயிரைப் பார்த்து, தனக்கு இனி வயல் செய்யத் தெரியாது என்று சொல்லத் தொடங்கினார். விளைச்சல் குறைந்ததைவிட, எங்கோ எடுக்கப்பட்ட முடிவின் விளைவை அவர் தன் திறமைக் குறைவாக எண்ணிக்கொண்டதே எங்களை மிகவும் வருத்தியது. உழைப்பில் அவர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். அயல் வயற்காரர்கள் மாலையில் கூடி, தங்கள் இழப்புகளை மறைக்காமல் பேசத் தொடங்கிய பிறகே அந்த எண்ணம் அவரிடமிருந்து மெல்ல விலகியது.

2024 நவம்பர் இறுதியில் சீரற்ற காலநிலையால் பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டபோதும் இதையே கண்டேன். படித்தவை யாவும் மறந்துவிட்டன என்று அழுத என் சகோதரியின் மகளுக்கு, ‘உன்னால் முடியும்’ என்ற எங்கள் சொற்கள் சிறிதும் உதவவில்லை. மறுநாள் எந்தப் பாட அலகை மீண்டும் படிப்பது என்பதை மட்டும் அவளோடு அமர்ந்து தீர்மானித்தபோதுதான் அவள் அமைதியடைந்தாள்.

உறக்கமும் பசியும் நீண்ட நாட்கள் கெட்டுப்போனால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம் என்பதையும் கட்டுரையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.